இண்டியானா மணற்குன்றுகள்: காக்கப்பட்டவையும் கைவிடப்பட்டவையும்

வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியின் தென்கரையில், சிகாகோவுக்கு அண்மையில், இண்டியானா டியூன்ஸ் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. ஏறத்தாழ 15,000 ஏக்கர் பரப்பும் 24 கிலோமீட்டர் ஏரிக்கரையும் கொண்ட இப்பூங்கா, 2019 பிப்ரவரியில் அந்நாட்டின் 61ஆவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு, 1966 முதல், 'தேசிய ஏரிக்கரை' என்னும் தகுதியுடன் அது காக்கப்பட்டு வந்தது.

பூங்காவில் காண வேண்டியவை என வெஸ்ட் பீச், மில்லர் காடு, கௌல்ஸ் சதுப்பு, மவுண்ட் பால்டி, செல்பெர்க் பண்ணை போன்ற இடங்களைப் பயண வழிகாட்டிகள் வரிசைப்படுத்துவது வழக்கம். ஆனால் நிலப்படத்தைக் காண்போர் முதலில் கவனிப்பது வேறொன்று. பூங்கா ஒரே தொடர்ச்சியான நிலமாக இல்லை. மேற்கே எஃகு நகரமான கேரி; நடுவே எஃகு ஆலைகளும் ஒரு துறைமுகமும்; கிழக்கு எல்லையை ஒட்டி மிச்சிகன் சிட்டியின் மின்நிலையம். இவற்றின் இடைவெளிகளில் பூங்கா துண்டு துண்டாகக் கிடக்கிறது.

அத்துண்டுகள் எவ்வாறு எஞ்சின, இடையில் இருந்தவை எவ்வாறு மறைந்தன என்பதே இந்நிலத்தின் வரலாறு. அதை அறிய, பூங்காவின் இடங்களை நிலவழியாக அன்றிக் கால வழியாகப் பார்ப்பது பொருத்தமானது.

1. பனியாறு விட்டுச் சென்ற வரிசை

கடைசிப் பனியுகத்தின் இறுதியில், வடக்கு நோக்கிப் பின்வாங்கிய பனிப்படலம் தன் விளிம்பில் கற்களையும் களிமண்ணையும் குவித்து ஒரு மேட்டை விட்டுச் சென்றது. வால்பரைசோ மொரைன் என அழைக்கப்படும் அம்மேட்டுக்கும் பனிப்படலத்துக்கும் இடையே உருகுநீர் தேங்கியதால் உருவான பழைய ஏரியை நிலவியலாளர்கள் 'சிகாகோ ஏரி' என்பர். அதன் நீர்மட்டம் ஒரே சீராகத் தாழவில்லை. நெடுங்காலம் ஒரு மட்டத்தில் நின்று, பின்னர் இறங்கி, மீண்டும் நின்றது. நின்ற ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு கரை உருவாகி, அக்கரையில் காற்று மணலைக் குவித்தது.

கிளென்வுட், கால்யுமெட், டாலஸ்டன் என அக்கரைகளுக்குப் பெயர்கள் உண்டு. முதலாவது ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. கடைசியானது சில ஆயிரம் ஆண்டுகளே பழையது. இன்றைய அலைகள் தொடும் கரையோ இந்த ஆண்டின் மணல். ஆகவே ஏரியிலிருந்து தெற்கு நோக்கி நடப்பவர், சில கிலோமீட்டருக்குள் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கிறார். பிற நிலங்களில் அடுக்கின்மேல் அடுக்காகப் புதைந்திருக்கும் காலம், இங்கே ஒன்றன்பின் ஒன்றாகப் பரப்பி வைக்கப்பட்டுள்ளது.

2. வெஸ்ட் பீச்: ஓர் அறிவியல் துறையின் தொடக்கம்

இவ்வரிசையைத் தாவரங்களைக் கொண்டு ஆராய்ந்தவர் ஹென்றி சாண்ட்லர் கௌல்ஸ் (1869–1939). சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதலில் நிலவியலையும் பின்னர் தாவரவியலையும் பயின்ற அவர், டென்மார்க் அறிஞர் வார்மிங்கின் தாவரச் சூழலியல் கருத்துகளால் ஈர்க்கப்பட்டவர். மணற்குன்றுகளின் தாவரங்களைப் பற்றிய அவரது ஆய்வு 1899இல் 'பொட்டானிக்கல் கெசட்' இதழில் வெளிவந்தது. இன்று பள்ளிப் பாடநூல் வரை வந்துவிட்ட 'தாவர வழிமுறை வளர்ச்சி' என்னும் கருத்தின் அடிப்படைச் சான்றுகளுள் ஒன்று அக்கட்டுரை.

அவர் கண்டதை வெஸ்ட் பீச்சின் வழிமுறை வளர்ச்சிப் பாதையில் இன்றும் காணலாம். ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மரப்படிகள் மிகுதி. அலை தொடும் இடத்தில் தாவரமே இல்லை. சற்று மேலே மார்ரம் புல் மணலைப் பிடிக்கிறது. மணல் மூட மூட மேலெழுந்து வளர்வது அப்புல்லின் இயல்பு. புதைவதே அதற்கு ஊட்டம் எனலாம். அதன் பின்னால் காட்டன்வுட் மரங்களும் புதர்களும், அதற்கும் பின்னால் ஜாக் பைன் மரங்களும், இறுதியில் கருப்பு ஓக் மரங்களும் வருகின்றன. ஒரு தாவரக் கூட்டம் மணலை மாற்றுகிறது. மாறிய மணல் அடுத்த கூட்டத்துக்கு இடமளிக்கிறது. ஒரே இடத்தில் நூற்றாண்டுகள் காத்திருந்து காண வேண்டிய மாற்றத்தைக் கௌல்ஸ் பக்கம் பக்கமாக நின்ற குன்றுகளை ஒப்பிட்டு அறிந்தார். காலத்துக்கு ஈடாக இடத்தைக் கொள்ளும் இம்முறை, சூழலியலின் நிலையான ஆய்வு முறைகளுள் ஒன்றாயிற்று.

அவருடைய வழியில் விக்டர் ஷெல்ஃபோர்டு, இதே குன்றுகளில் புலி வண்டுகளை ஆராய்ந்து, தாவரங்கள் மாறும்போது விலங்குகளும் வரிசையாக மாறுவதைக் காட்டினார். 1915இல் தோன்றிய அமெரிக்கச் சூழலியல் கழகத்தின் முதல் தலைவர் ஷெல்ஃபோர்டே. 1913இல் ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்தபோது இம்மணற்குன்றுகள் அவர்களது பயணத்தில் இடம்பெற்றன. பின்னாளில் 'சூழல் மண்டலம்' என்னும் சொல்லை அறிமுகப்படுத்திய ஆர்தர் டான்ஸ்லி அக்குழுவில் ஒருவர்.

எனவே, இந்நிலம் அறிவுலகுக்கு இன்றியமையாதது என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. அந்த அறிவு நிலத்தைக் காக்கப் போதுமானதாக இருந்ததா என்பதே அடுத்த கேள்வி.

3. பெய்லி இல்லமும் செல்பெர்க் பண்ணையும்: வெற்று நிலம் என்னும் கற்பனை

தொழிலதிபர்களும் சரி, இயற்கை ஆர்வலர்களும் சரி, இக்கரையை மனிதர் தொடாத வெற்று நிலமாகவே பேசினர். முன்னவர்க்கு அது பயனற்ற மணல். பின்னவர்க்கு அது தூய வனம். இரு தரப்பினரும் மறந்தது பொட்டவாட்டமி மக்களை.

லிட்டில் கால்யுமெட் ஆற்றங்கரையில் உள்ள பெய்லி இல்லம், 1822இல் இங்குக் குடியேறிய பிரெஞ்சு-கனடிய வணிகர் ஜோசப் பெய்லியின் பெயரைத் தாங்கியது. விலங்குத் தோல் வணிகம் பழங்குடி மக்களின் உழைப்பையும் வழித்தடங்களையும் நம்பி நடந்தது. பெய்லியின் மனைவி மேரி ஒடாவா மரபினர். 1820களிலும் 1830களிலும் அடுத்தடுத்து எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் பொட்டவாட்டமி மக்களின் நிலத்தைப் பறித்தன. 1838இல் வடக்கு இண்டியானாவிலிருந்து எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் படைக்காவலுடன் கான்சஸுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். 'மரணத்தின் பாதை' என்றே அந்நடை வரலாற்றில் குறிக்கப்படுகிறது. போக்ககன் குழுவினர் மட்டும் மிச்சிகன் பகுதியில் தங்கும் உரிமையைப் பெற்று, இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

பெய்லி இல்லத்திலிருந்து நடை தொலைவில் செல்பெர்க் பண்ணை உள்ளது. சுவீடனிலிருந்து வந்த குடும்பம் 1869இல் இந்நிலத்தை வாங்கியது. இன்று காணப்படும் செங்கல் வீடு 1885ஐச் சேர்ந்தது. இரு இடங்களையும் ஒரே நடையில் காண்பவர், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நிலத்தின் உரிமை யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதை நேரில் உணரலாம்.

கருப்பு ஓக் சவானாவுக்கும் இதில் பங்குண்டு. மில்லர் காட்டில் மரங்கள் இடைவிட்டு நிற்க, கீழே புல்லும் லூப்பின் பூக்களும் படர்ந்திருப்பது தீயினால் விளைந்த தோற்றம். மின்னலும் பழங்குடி மக்களும் மூட்டிய தீ நின்றபின், சவானா அடர்ந்து மூடத் தொடங்கியது. இன்று பூங்கா நிர்வாகமே திட்டமிட்டுத் தீயிட்டு அதைப் பேணுகிறது. லூப்பின் இலையை மட்டுமே உண்டு வளரும் கார்னர் நீலப் பட்டாம்பூச்சி இங்கு ஒருகாலத்தில் மிகுந்திருந்தது. 2012க்குப் பின் அது இப்பூங்காவிலிருந்து மறைந்துவிட்டதாகக் கருதப்படுகிறது.

4. ஐம்பது ஆண்டுகள்: 1916–1966

கேரி நகரம் 1906இல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது. ஆலைக்காகக் குன்றுகள் சமனாக்கப்பட்டன. அதன் எதிர்வினையாகச் சிகாகோவில் நடைப்பயணக் குழுவினரும், நிலத்தோற்றக் கலைஞர் ஜென்ஸ் ஜென்சனும், கௌல்ஸ் போன்ற அறிவியலாளரும் ஒன்றுகூடினர். தேசியப் பூங்காச் சேவையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேதர், 1916 அக்டோபர் 30இல் சிகாகோவில் 'மணற்குன்றுத் தேசியப் பூங்கா' குறித்துப் பொது விசாரணை நடத்தினார். நாற்பதுக்கும் மேற்பட்டோர் பேசினர். கௌல்ஸும் சாட்சியம் அளித்தார்.

அம்முயற்சி தோற்றது. முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியது உடனடிக் காரணம். ஆழமான காரணம் சொத்துரிமை தொடர்பானது. அதுவரை அமைந்த தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் மேற்கில், அரசுக்கே உரிய நிலங்களில் கோடு கிழித்து அமைக்கப்பட்டவை. இண்டியானா மணற்குன்றுகளோ தனியார் சொத்து. பூங்காவுக்காக நிலத்தை விலைகொடுத்து வாங்கும் மரபு அன்றைய நாடாளுமன்றத்தில் இல்லை. நகரத்துக்கு அருகில் இருந்ததால் மக்களுக்குப் பயன்பட்ட அதே நிலம், நகரத்துக்கு அருகில் இருந்ததாலேயே விலைமிக்கதாகவும் இருந்தது.

இண்டியானா மாநிலம் 1920களில் தன் பங்குக்கு ஒரு மாநிலப் பூங்காவை அமைத்தது. பெஸ் ஷீஹன் என்னும் பெண்மணி மகளிர் மன்றங்களைத் திரட்டி நடத்திய பரப்புரைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஏறத்தாழ 2,200 ஏக்கர் கொண்ட அப்பூங்கா இன்றும் தனி நிர்வாகத்தில், தேசியப் பூங்காவால் சூழப்பட்டு நிற்கிறது. இப்பகுதியின் மிக உயர்ந்த குன்றான மவுண்ட் டாம் (192 அடி) அதற்குள்தான் உள்ளது.

1952இல் டோரதி பியூவெல் தலைமையில் மணற்குன்றுப் பாதுகாப்பு மன்றம் தோன்றியது. அண்டை மாநிலமான இல்லினாயின் செனட்டர் பால் டக்ளஸ், 1958இல் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். இண்டியானாவின் அரசியல் தலைமை அப்போது துறைமுகத்தையே விரும்பியது. ஒரு மாநிலத்தின் நிலத்தைக் காக்க வேறொரு மாநிலத்தின் பிரதிநிதி போராடிய விந்தையான நிலை அது. ஆயினும் அதில் பொருளுண்டு. சிகாகோவின் தொழிலாளர்களும் குடியேறிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் 'சவுத் ஷோர்' மின்ரயிலேறி வந்து இறங்கிய கரை இதுவே.

1963இல் கென்னடி அரசு முன்வைத்த சமரசம், துறைமுகத்தையும் பூங்காவையும் ஒருங்கே அனுமதித்தது. 1966 நவம்பர் 5இல் பூங்காச் சட்டம் கையெழுத்தானது. மூன்றே நாள்கள் கழித்து நடந்த தேர்தலில் டக்ளஸ் தம் பதவியை இழந்தார். மில்லர் காட்டின் நுழைவில் உள்ள சூழலியல் கல்வி மையம் இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

5. இல்லாத இடங்கள்

இப்பூங்காவில் காண வேண்டிய இடங்களுள் இரண்டு, இன்று காண முடியாதவை.

முதலாவது ஹூசியர் ஸ்லைடு. மிச்சிகன் சிட்டியில் ஏறத்தாழ 200 அடி உயர்ந்து நின்ற மாபெரும் மணற்குன்று அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ணாடித் தொழிலுக்காக அதன் மணல் இரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டது. மன்சி நகரின் பால் சகோதரர்கள் தயாரித்த புகழ்பெற்ற கண்ணாடிச் சாடிகள் பலவற்றில் இம்மணல் கலந்துள்ளது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் குன்று முழுவதும் மறைந்தது. அதன் இடத்தில் இப்போது மின்நிலையம் நிற்கிறது.

இரண்டாவது, பர்ன்ஸ் துறைமுகத்தின் மத்தியக் குன்றுகள். கௌல்ஸ் போன்றோர் காக்க விரும்பிய நிலத்தின் நடுப்பகுதி இதுவே. டக்ளஸின் மசோதா விவாதத்தில் இருந்தபோதே பெத்லஹேம் எஃகு நிறுவனம் இக்குன்றுகளைச் சமனாக்கியது. அம்மணலின் பெரும்பகுதி, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தன் வளாகத்தை ஏரிக்குள் விரிவாக்குவதற்கு நிரப்பு மண்ணாக விற்கப்பட்டது. ஒரு பல்கலைக்கழகம் உலகுக்கு எடுத்துக்காட்டிய மணல், அருகிலிருந்த மற்றொரு பல்கலைக்கழகத்தின் அடித்தளத்துக்குக் கீழே சென்றது. அறிவு ஓரிடத்தில் இருப்பதாலேயே அது நிறுவனங்களின் செயலை வழிநடத்திவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

6. கௌல்ஸ் சதுப்பும் மவுண்ட் பால்டியும்: காத்த பின்னும்

துறைமுகத்துக்குக் கிழக்கே, ஆலையின் நிழலிலேயே, கௌல்ஸ் சதுப்பு உள்ளது. 1965இல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இவ்விடம், மழைநீரை மட்டும் நம்பிய சதுப்பு அன்று. கீழிருந்து ஊறும் நிலத்தடி நீரால் வாழ்வது. அதனாலேயே எல்லைக்கு வெளியே நடப்பவை அதை எளிதில் பாதித்தன. அருகிலிருந்த மின்நிலையத்தின் சாம்பல் குட்டைகளிலிருந்து கசிந்த நீர் சதுப்பின் தன்மையை மாற்றியது. அதே வளாகத்தில் திட்டமிடப்பட்ட பெய்லி அணுமின் நிலையத்தை எதிர்த்து ஊர்மக்களும் எஃகுத் தொழிலாளர்களும் இணைந்து போராடினர். 1981இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. தொழிலாளர் நலனும் இயற்கைப் பாதுகாப்பும் இயல்பாகவே பகையானவை என்போர் இந்நிகழ்வைக் கருத்தில் கொள்ள வேண்டும். உண்மையான மழைநீர்ச் சதுப்பைக் காண விரும்புவோர், பூங்காவின் முதன்மை நிலத்திலிருந்து விலகியுள்ள பின்ஹுக் சதுப்புக்கு வனக்காவலர் துணையுடன் செல்லலாம். மிதக்கும் ஸ்பேக்னம் பாசிமெத்தையின் மீது பூச்சியுண்ணும் குடுவைத் தாவரங்களும் ட்ரோசீராவும் அங்கே வளர்கின்றன.

கிழக்கு முனையில் மவுண்ட் பால்டி (126 அடி) இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. மிச்சிகன் சிட்டித் துறைமுகக் கட்டுமானம் கரையோர மணலோட்டத்தைத் தடுப்பதால் ஏரிப்பக்கம் அரிக்கப்படுகிறது. நடப்போர் மிதித்ததால் மார்ரம் புல்லின் பிடியும் தளர்ந்தது. 2013 ஜூலையில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இக்குன்றில் திடீரென உருவான குழிக்குள் புதைந்து, மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பதினோரு அடி ஆழத்தில் கிடந்து, உயிருடன் மீட்கப்பட்டான். நகரும் குன்று முற்காலத்தில் விழுங்கிய ஓக் மரங்கள் உள்ளேயே மட்கி, மரத்தின் வடிவிலேயே வெற்றிடங்களை விட்டுச் சென்றிருந்தன என்பது பின்னர் ஆய்வில் தெரிந்தது. அன்று முதல் உச்சிக்குச் செல்ல வனக்காவலர் துணை தேவை.

7. பெவர்லி ஷோர்ஸ்: நேற்றைய 'நாளை'

1933ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியின் பெயர் 'முன்னேற்றத்தின் நூற்றாண்டு'. அறிவியல் கண்டறியும், தொழில்துறை பயன்படுத்தும், மனிதன் அதற்கு இணங்குவான் என்ற பொருளில் அதன் முழக்கம் அமைந்தது. கண்காட்சி முடிந்ததும், நில வணிகர் ராபர்ட் பார்ட்லெட் அதன் மாதிரி வீடுகள் சிலவற்றை ஏரி வழியாகக் கொண்டுவந்து பெவர்லி ஷோர்ஸில் நிறுவினார். மனை விற்பனைக்கு அவை விளம்பரமாயின. ஐந்து வீடுகள் இன்றும் பூங்காவுக்குள் உள்ளன. கட்டடக் கலைஞர் கெக் வடிவமைத்த பன்னிரு பக்கக் கண்ணாடி வீடான 'நாளைய இல்லம்' அவற்றுள் ஒன்று. வீட்டுக்கொரு விமானக் கொட்டகையும் அதில் இருந்தது. எதிர்காலம் எனக் காட்டப்பட்ட அவ்வீடு, பின்னாளில் பழமைச் சின்னமாகப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. மனைகளுக்காகக் கால்வாய் வெட்டி வடிக்கப்பட்ட பெருஞ்சதுப்போ, அக்கால்வாய்கள் அடைக்கப்பட்டபின் மீண்டும் நீர் தேங்கிப் பறவைகளைப் பெற்றுள்ளது.

8. இறுதி நிலை என ஒன்று உண்டா?

மணல், புல், பைன், ஓக், இறுதியில் நிலையான ஓர் உச்சக் காடு: வழிமுறை வளர்ச்சியைப் பாடநூல்கள் இவ்வாறே சுருக்குகின்றன. கௌல்ஸ் இதை இவ்வளவு உறுதியாகக் கூறவில்லை. இலக்கும் மாறுகிறது, இலக்கை நோக்கிச் செல்வதும் மாறுகிறது என்பதே அவர் கருத்து. 1958இல் ஜெர்ரி ஓல்சன் இதே குன்றுகளின் வயதையும் மண்ணையும் அளந்து, பல்லாயிரம் ஆண்டு பழைய குன்றுகளிலும் கருப்பு ஓக்கே நிலைத்திருப்பதைக் காட்டினார். எல்லா மணலும் ஒரே காட்டை நோக்கிச் செல்வதில்லை. தொடக்கநிலை, தீ, மண்வளம், நேர்ந்த இடையூறு ஆகியவற்றைப் பொறுத்துப் பாதைகள் பிரிகின்றன.

இக்கரையைப் பற்றிய அரசியல் வாதத்தின் அடியிலும் இத்தகைய ஒரு நம்பிக்கையே இருந்தது. காடு, பண்ணை, ஆலை என்னும் வரிசையில் ஆலையே இயல்பான இறுதி நிலை, அதைத் தடுக்க இயலாது என்று 1916லும் 1958லும் கூறப்பட்டது. மணல் அதற்கு உடன்படவில்லை, மக்களும் உடன்படவில்லை. ஹூசியர் ஸ்லைடு அழிந்ததும் கௌல்ஸ் சதுப்பு எஞ்சியதும் இயற்கை விதியால் நேர்ந்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு விற்பனை, ஒரு வாக்கெடுப்பு, ஒரு பரப்புரை, சில வேளைகளில் ஒரு தாமதம் இருந்தது.

ஐம்பது ஆண்டுத் தாமதத்தின் விலை, பூங்காவின் நடுவே உள்ள அந்த இடைவெளி. இன்று ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்கள் வாழும் நிலம் இது. வடதுருவப் பகுதிக்குரிய பேர்பெரியும் வறள்நிலச் சப்பாத்திக்கள்ளியும் இங்கே அருகருகே வளர்கின்றன. வெஸ்ட் பீச்சின் படிகளில் ஏறி நிற்பவர் ஒரு பக்கம் சிகாகோவின் கோபுரங்களையும் மறுபக்கம் கருப்பு ஓக் காட்டையும் காண்கிறார். கீழே, அலைக்கு அப்பால், மார்ரம் புல் இந்த ஆண்டின் மணலைப் பிடிக்கத் தொடங்கியிருக்கும்.